இரும்புக்கல் காயவில்லை என்றால் குறை கல்லிலா, அடுப்பிலா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு விடைக்கு வருகிறேன். பாட்டியிடமிருந்து வந்த 10 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல், எடை 3 கிலோ. குளிர்பானத் தகரக் குவளைகள் இரண்டை வெட்டி நீங்களே செய்த ஸ்பிரிட் அடுப்பு. பொள்ளாச்சிக்கு அருகே உங்கள் தென்னந்தோப்பு. சாப்பிட ஐந்து பேர். அரை மணி நேரம் எரித்தும் கல் காயவில்லை. பொறுமையிழந்து மூன்று கற்களைக் கூட்டிச் சுள்ளி போட்டு எரித்தபோது தோசை நடுவில் கருகி, ஓரத்தில் மாவாகவே நின்றது. கடைசியில் சூட்டோடு கல்லில் தண்ணீர் ஊற்றியபோது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தேங்காயெண்ணெய் தடவித் தடவிப் பழக்கியும் கல் பிசுபிசுக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, எந்த அடுப்பைச் செய்தால் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அடுப்பின் வடிவம் அதில் பாதிதான். இவ்வளவு கனமான இரும்புக்கு எவ்வளவு நெருப்பு வேண்டும், அது சுவாலையாக வேண்டுமா தணலாக வேண்டுமா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் படித்தது உலோகவியல். வேலை பார்த்தது கோயம்புத்தூர்ப் பவுண்டரிகளில், பம்பு உறைகளும் மோட்டார் உடல்களும் வார்க்கும் இடங்களில். சமையலில் எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது. விடுமுறை நாள்களில் தோப்பிலும் மொட்டைமாடியிலும் விறகு எரித்துச் சமைத்துப் பழகிய அனுபவமும், கெடுத்த சில கற்களும் உண்டு. ஆகையால் இரும்பைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மாவின் புளிப்பைப் பற்றி ஏதாவது சொன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கல்லைப் பார்ப்போம். தோசைக்கல், பணியாரச் சட்டி போன்றவற்றில் நாம் பயன்படுத்தும் வார்ப்பிரும்பில் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு கார்பன் இருக்கும். உருகிய இரும்பு மணல் அச்சுக்குள் உறையும்போது அந்தக் கார்பனில் பெரும்பகுதி கிராஃபைட் ஏடுகளாகப் பிரிந்து இரும்புக்குள் படிந்துவிடுகிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறமாகத் தெரிவது அதனால்தான். அழுத்தத்தை நன்றாகத் தாங்கும் இந்த இரும்பு, இழுவிசையில் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்காமல் பிளந்துபோவதும் அதனால்தான். வார்ப்பிரும்பு சூட்டைச் சீராகப் பரப்பும் என்று ஒரு நம்பிக்கை எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது. விற்பவர்களும் அப்படியே சொல்கிறார்கள். அது தவறு. வெப்பத்தைக் கடத்தும் திறனில் வார்ப்பிரும்பு அலுமினியத்தில் நான்கில் ஒரு பங்கைத்தான் எட்டும். நடுவில் சிறு சுவாலை பட்டால் நடு மட்டும் கொதிக்கும். அந்தச் சூடு ஓரத்துக்கு நடந்து போய்ச் சேர நெடுநேரம் பிடிக்கும். வார்ப்பிரும்பின் உண்மையான பெருமை வேறு. அது கனமானது, எனவே நிறையச் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது, குளிர்ந்த மாவை ஊற்றினாலும் எளிதில் தணிந்துவிடாது. சேர்த்து வைத்துக்கொள்ளும் அந்தக் குணமே, காய்வதற்குத் தாமதமாகும் குணமும் ஆகிறது.

உங்கள் கல்லுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு கிலோ இரும்பை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 0.46 கிலோஜூல் தேவை. 3 கிலோ கல்லை 30 பாகையிலிருந்து 210 பாகைக்குக் கொண்டுபோக 250 கிலோஜூல் வேண்டும். ஸ்பிரிட் ஒரு மில்லி லிட்டர் எரிந்தால் 21 கிலோஜூல் கிடைக்கும். குளிர்பானக் குவளையில் செய்யும் அடுப்பு நிமிடத்துக்கு இரண்டரை மில்லி லிட்டர் அளவில்தான் எரிக்கும். அதிலும் மூன்றில் ஒரு பங்கு கல்லில் ஏறினாலே அதிர்ஷ்டம். அப்படியானால் கல்லுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 300 வாட். எதிர்ப் பக்கத்தில், 200 பாகையில் இருக்கும் 10 அங்குலக் கல்லின் மேற்பரப்பு மட்டுமே, காற்றே அசையாத இடத்தில்கூட 170 வாட்டுக்குக் குறையாமல் வெளியே இழந்துகொண்டிருக்கும் என்று என் கணக்கு சொல்கிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் வீசும் காற்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் வரவும் செலவும் சமமாகி, கல் ஒரு சூட்டில் ஏறாமலும் இறங்காமலும் நின்றுவிடும். நடுவில் அந்தச் சூடு தோசைக்கு ஏறக்குறையப் போதும் என்றாலும் ஓரத்தில் போதாது. நீங்கள் இன்னும் ஒரு மணி நேரம் எரித்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது. அடுப்பு மோசமாகச் செய்யப்பட்டது என்று நினைக்க வேண்டாம். ஒருவருக்குத் தேநீர் வைக்க, மெல்லிய அலுமினியக் குவளையில் அரை லிட்டர் தண்ணீர் காய்ச்ச அது நல்ல அடுப்பு. அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். ஸ்பிரிட்டின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணிப் புட்டியிலிருந்து மறுபடி ஊற்றும்போதுதான் பெரும்பாலான தீக்காயங்கள் நேர்கின்றன. அடுப்பு முழுவதும் ஆறி, கையால் தொட முடிகிற பிறகே ஊற்ற வேண்டும். ஸ்பிரிட் தீர்ந்தால் தின்னரும் பெட்ரோலும் அதற்கு மாற்று ஆகமாட்டா. கையடக்கக் கேஸ் அடுப்பு வாங்கிவிடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். பக்கவாட்டில் கேஸ் குப்பி பொருத்தும் வகையில், அகன்ற இரும்புக் கல்லை வைத்தால் அது குப்பியின் மேல் நீட்டிக்கொண்டு நின்று சூட்டைக் கீழ்நோக்கி வீசும். குப்பி சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. 10 அங்குலக் கல்லுக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

விறகுக்கு வருவோம். காய்ந்த விறகு ஒரு கிலோ ஏறத்தாழ 15,000 கிலோஜூல் தரும். அதாவது உங்கள் கல்லைக் காய வைக்கத் தேவையானது, வீணாவதையெல்லாம் சேர்த்தாலும், ஒரு கைப்பிடிச் சுள்ளிதான். மூன்று கல் கூட்டி எரிக்கும்போது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே சட்டியில் ஏறும். மற்றது காற்றோடும் புகையோடும் போகும். இந்த இழப்பைக் குறைக்கத்தான் 1980களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள அப்ரொவேச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி 'ராக்கெட் அடுப்பு' என்று இன்று பெயர்பெற்றிருக்கும் வடிவத்துக்கு விதிகளை வகுத்தார். கருத்து எளியது. படுக்கைக் குழாய் ஒன்றும் நிமிர்ந்த குழாய் ஒன்றும் சேர்ந்த முழங்கை வடிவம். விறகு படுக்கைக் குழாயில் நுழையும். சுவாலை நிமிர்ந்த குழாயில் ஏறும். அந்தக் குழாயைச் சுற்றி வெப்பக்காப்பு இருப்பதால் உள்ளே சூடு குறையாமல் புகையும் எரிந்துவிடும்.

இதை நம் ஊரில் செய்வதற்கு 15 கிலோ எண்ணெய் டின் மிகப் பொருத்தம். சதுர வடிவம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம், எந்த மளிகைக்கடையிலும் கிடைக்கும். உள்ளே வைக்க 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பால்பவுடர் டின்கள் இரண்டு மூன்று போதும்; அடியும் மூடியும் நீக்கி, ஒன்றுக்குள் ஒன்று செருகிக் குழாயாக்கிக்கொள்ளலாம். விறகு நுழையும் இடத்துக்கு மேல் நிமிர்ந்த குழாய் 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைக் குழாயின் நடுவில் ஒரு தகரத் துண்டைத் தட்டுபோல வைத்து, மேலே விறகு, கீழே காற்று என்று பிரிக்க வேண்டும். இந்தத் தட்டை விட்டுவிட்டுப் பலரும் "புகைகிறது" என்று அலுத்துக்கொள்கிறார்கள். டின்னுக்கும் குழாய்க்கும் இடையே எதை நிரப்புவது என்பதில்தான் அதிகமாகத் தவறு நடக்கிறது. மண்ணும் மணலும் கனமானவை. அவை சூட்டைத் தடுக்காமல் தாமே குடித்துவிடும். இலேசான, காற்று நிறைந்த பொருள் வேண்டும். எங்கள் பவுண்டரிப் பழக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்: நெல் உமிச் சாம்பல். எஃகு ஆலைகளில் உருகிய எஃகின் மேற்பரப்பு ஆறிப்போகாதிருக்க இதே உமிச் சாம்பலைத்தான் மேலே கொட்டி மூடுகிறார்கள். 1,500 பாகைச் சூட்டைக் காக்கும் பொருள் உங்கள் தோசைக்கு நிச்சயம் போதும். அரிசி ஆலைக்குப் பக்கத்தில் மூட்டையாகக் கிடைக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு கொட்டுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை. உள்குழாய் மெல்லிய தகரம் என்பதால் சில மாதங்களில் அரித்து ஓட்டை விழும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். துத்தநாகம் பூசிய தகடும் பெயிண்ட் டப்பாவும் மட்டும் வேண்டாம். துத்தநாகம் எரியும் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். வெல்டிங் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பாத்திரத்துக்கும் குழாய் வாய்க்கும் இடையே விட வேண்டிய இடைவெளியை நிறையப் பேர் கண்ணால் மதிப்பிட்டு வைக்கிறார்கள். கணக்கு இதுதான்: குழாயின் உள்பரப்பு எவ்வளவோ அவ்வளவு வழி மேலேயும் இருக்க வேண்டும். வட்டக் குழாய்க்கு அது விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு. 10 சென்டிமீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர். அதைவிடக் குறைந்தால் சுவாலை திணறிப் புகையும், கூடினால் சூடு வெளியே ஓடும். கனமான இரும்பை வைப்பதால் தாங்கிகள் தகரமாக இருக்கக் கூடாது. 10 மில்லிமீட்டர் கட்டுமானக் கம்பித் துண்டுகள் மூன்றை வைத்தால் நிற்கும். நெருப்பு மூட்டுவதற்கு முன், கல்லைப் போல இரண்டு மடங்கு எடையை மேலே ஏற்றி ஆட்டிப் பாருங்கள். கொதிக்கும் எண்ணெயோடு சாயும் சட்டியைக் கையால் பிடிக்கத்தான் எவருக்கும் தோன்றும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு மறுப்பும் சொல்ல வேண்டியிருக்கிறது. ராக்கெட் அடுப்பு வாணலிக்கும் குழம்புச் சட்டிக்கும் மிக நல்லது. தட்டையான வார்ப்பிரும்புத் தோசைக்கல்லுக்கு அது சிறந்த அடுப்பில்லை. வேகம் போதும், நான்கைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஆனால் அந்தச் சுவாலை 10 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் குவிந்து அடிக்கிறது. இரும்போ சூட்டைப் பரப்பாது. நடுவில் கருகி ஓரம் வேகாத உங்கள் பழைய தொல்லையே திரும்ப வரும். சிலர் குழாய் வாய்க்கு மேல் தடித்த தகடு ஒன்றை வைத்துச் சுவாலையைச் சிதறடிக்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன். ஓரளவு உதவுகிறது, விறகு கூடுதலாகச் செலவாகிறது. குழியான இருப்புச்சட்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அடியில் குவியும் சூடு எண்ணெயில் கலந்து பரவிவிடும். (எங்கள் வீட்டில் இன்றும் 'இலுப்பச்சட்டி' என்றுதான் சொல்வார்கள், இலுப்பைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, இருப்பு திரிந்து இலுப்பை ஆகிவிட்டது.)

தோசைக்கல்லுக்கு வேண்டியது தணல். சுவாலை ஒரு கோடாக ஏறும். தணலோ பரப்பி வைத்த இடமெல்லாம் ஒரே மாதிரி சூட்டை வீசும். தென்னந்தோப்பு வைத்திருக்கும் உங்களுக்கு எரிபொருளுக்குக் குறைவில்லை. தேங்காய் மட்டையும் பாளையும் பற்றவைக்க நல்லவை, நின்று எரியமாட்டா. கொட்டாங்குச்சி முதல் ஏழெட்டு நிமிடம் கரும்புகையோடு கொழுந்துவிட்டு எரியும். அந்த நேரத்தில் கல்லை வைக்காதீர்கள். அது அடங்கியபின் கிடைக்கும் சிவந்த கங்கு, விலை கொடுத்து வாங்கும் அடுப்புக்கரிக்கு ஈடானது. தரையில் ஒரு சாண் அகலத்துக்கு ஆழமில்லாத வாய்க்கால் போல வெட்டி, இரு பக்கமும் செங்கல் அடுக்கி, கல்லின் முழு வட்டத்துக்கும் தணலைப் பரப்பிவிடுங்கள்; ஓரத்தில் சற்றுக் கூடுதலாகவும் நடுவில் சற்றுக் குறைவாகவும் இருக்கட்டும். தணலுக்கும் கல்லுக்கும் நான்கு விரற்கடை இடைவெளி சரியாக வரும். ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கற்களை அடுப்புக்கட்டியாக வைக்க வேண்டாம். உள்ளே ஊறிய நீர் ஆவியாகும்போது அவை வெடித்துத் தெறிக்கக்கூடும். மரத்தூள் அடுப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை மறந்துபோனோம்: டின்னின் நடுவில் ஒரு கழியையும் அடியில் பக்கவாட்டாக இன்னொரு கழியையும் வைத்து, மரத்தூளை இறுக்கி இடித்து, கழிகளை உருவிவிட்டால் வரும் துளையில் கீழிருந்து பற்றவைப்பது. பற்றும்வரை புகை தாங்காது. பற்றிய பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கங்கு நிலையிலேயே அமைதியாக எரியும். ஐந்து பேருக்கு வரிசையாகத் தோசை வார்க்க இதைவிட உழைப்புக் குறைந்த அடுப்பை நான் கண்டதில்லை. மரத்தூள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பிளைவுட் தூள் கலந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே என் யோசனை இரண்டு நெருப்பு. ராக்கெட் அடுப்பில் வாணலியை ஏற்றிக் குழம்போ வறுவலோ செய்துகொண்டிருக்கும்போதே, பக்கத்தில் கொட்டாங்குச்சியை எரித்துத் தணலாக்கிவிடுங்கள். வறுவல் முடியும் நேரத்தில் தணல் ஆயத்தமாக இருக்கும். அமெரிக்கர்கள் மூடியின் மேல் கரி வைத்து ரொட்டி சுடும் கனத்த சட்டியைக் காணொளியில் கண்டதாக எழுதியிருந்தீர்கள். அதை அவர்கள் 'டச்சு அவன்' என்பார்கள். 12 அங்குலச் சட்டிக்கு மூடி மேல் 15 கரிக்கட்டி, அடியில் 9 என்று விட்டத்தோடு மூன்றைக் கூட்டியும் கழித்தும் வைப்பது அவர்களுடைய பழக்கம். ஏறத்தாழ 170 பாகை கிடைக்கும். நம் பிரியாணி அண்டாவில் தம் போடும்போது மூடி மேல் தணலைக் கொட்டுவதும் அதே வேலைதான். கொட்டாங்குச்சிக் கங்கை எண்ணி வைக்க முடியாது, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு என்று தொடங்கிப் பாருங்கள்.

கல்லைக் காய வைக்கும் விதத்துக்குக் கொஞ்சம் பொறுமை தேவை. குளிர்ந்த கல்லை முழுத் தணலில் திடீரென்று வைக்காமல், முதலில் சிறு தணலில் ஐந்து நிமிடம், பிறகு தணலைக் கூட்டி மேலும் ஐந்து நிமிடம் என்று ஏற்றுங்கள். இரண்டு முறை கால்வட்டம் திருப்பி வையுங்கள். தண்ணீர் தெளித்தால் 'சொய்' என்று பரவி உடனே மறைய வேண்டும். துளிகள் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடினால் கல் ஏறத்தாழ 200 பாகையைத் தாண்டிவிட்டது. அடியில் உண்டாகும் ஆவிப் படலம் துளியைத் தூக்கி நிறுத்துகிறது. அந்தச் சூட்டில் மாவு கல்லைப் பிடிக்காமல் கரண்டியோடு சுருண்டு வரும். வீட்டில் செய்வதுபோல ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்து வெங்காயத்தைத் தேய்த்தால் போதுமான அளவு தணியும். துடைப்பது வேறு, ஒரு செம்பு தண்ணீரை மொத்தமாக ஊற்றுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் மேல்தோல் நொடியில் சுருங்க, அடிப்பகுதி விரிந்தபடியே நிற்க, இடையில் இழுவிசை உண்டாகிறது. வார்ப்பிரும்பு தாங்காத விசை அது என்று முன்பே சொன்னேன்.

பிசுபிசுப்புக்குக் காரணம் எண்ணெயும் அதன் அளவும். கல் பழகுவது என்றால், மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டில் காற்றோடும் இரும்போடும் வினைபுரிந்து, பிசின் போல இறுகி ஒட்டிக்கொள்வது. எண்ணெயில் உள்ள நிறைவுறாத கொழுப்பே இப்படி இறுகும். அதை அளக்க அயோடின் எண் என்று ஒன்று உண்டு: தேங்காயெண்ணெய்க்கு அது 6 முதல் 11 வரைதான், நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை, சூரியகாந்திக்கு 118 முதல் 141 வரை. சொந்தத் தோப்புத் தேங்காயெண்ணெய் மேல் உங்களுக்குப் பற்று இருப்பது புரிகிறது, சமையலுக்கு அது அருமையானது. கல்லைப் பழக்க உதவாது. நம் பாட்டிமார் நல்லெண்ணெயைத் தேர்ந்தது கைப்பழக்கத்தால் என்றாலும் தேர்வு சரியானது. இணையத்தில் ஆளிவிதை எண்ணெயைப் புகழ்கிறார்கள். அதன் எண் 170க்கு மேல். நன்றாக இறுகவும் செய்யும். ஆனால் என் கற்கள் இரண்டில் சில மாதங்களில் செதில் செதிலாக உரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு அப்படி ஆகாமல் இருக்கலாம். தடவும் அளவு இன்னும் முக்கியம். தடவிய பிறகு, தவறிப்போய்த் தடவிவிட்டோம் என்று நினைத்துத் துடைப்பதுபோல உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். அதன்பின் மெல்லிய புகை அடங்கும்வரை தணலில் காய்ச்ச வேண்டும். இப்படி நான்கைந்து முறை. வடித்த கஞ்சியில் சில நாள் ஊறவைப்பது நம் வழக்கம். புதுக் கல்லில் ஒட்டியிருக்கும் மணலும் கரித்தூளும் கழன்று வருவதை நான் பார்த்திருக்கிறேன். கஞ்சியிலுள்ள மாவுச்சத்தே கல்லைப் பழக்குகிறது என்று சொல்பவர்களோடு மட்டும் நான் சேரமாட்டேன். வேலை செய்வது அதன்பின் வரும் எண்ணெய்தான் என்பது என் துணிபு. புளிக்குழம்பையும் தக்காளித் தொக்கையும் அதில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். புளிப்பு அந்தப் படலத்தைக் கரைக்கும், குழம்பும் கறுக்கும். புளிப்பான பண்டங்களில் இரும்பு கரைந்து சேரும் என்பது உறுதி. உடலில் இரும்புச்சத்து மிகுதியாகத் தேங்கும் நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை.

விறகைப் பற்றி இரண்டொரு எச்சரிக்கை. பச்சை விறகில் பாதி எடை தண்ணீர்; அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே உங்கள் நெருப்பு செலவாகிவிடும். ஒடித்தால் 'பட்' என்று ஒடியும் சுள்ளியே வேண்டும். வேலியோரத்து அரளியை எரிக்கவே கூடாது, அதன் குச்சியில் எதையும் குத்திச் சுடவும் கூடாது. மரம் முழுவதும் நஞ்சு. சீமைக்கருவேலம் நல்ல கங்கு தரும், முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ பம்புசெட் அறைக்குள்ளோ எடுத்துப் போகாதீர்கள். புகையில்லாமல் கனலும் தணல்தான் கார்பன் மோனாக்சைடை மிகுதியாக வெளியிடுகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

தோப்பில் உதிர்ந்த மட்டையையும் சருகையும் அடுப்பைச் சுற்றி மூன்று மீட்டருக்குப் பெருக்கித் தள்ளிவிட்டு, இரண்டு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூட்டுங்கள். முடிந்தபின் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துச் சூடில்லை என்று பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்; சாம்பலுக்கு அடியில் கங்கு மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும். அடுத்த முறை வால்பாறைப் பக்கம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வனத்துறைக்கு உட்பட்ட காட்டில் இந்த அடுப்புகளில் எதையும் மூட்ட வேண்டாம், சட்டப்படியும் குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் படித்திருப்பீர்கள். மாசி, பங்குனியில் புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதைத் தொலைவில் இருந்து பார்த்தவனும் மறக்க மாட்டான். அங்கே புளியோதரைப் பொட்டலம் போதும்.

கடைசியாக அந்த 'டிக்' சத்தம். இதை எழுத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது; நீங்களே சோதிக்க வேண்டும். ஆறிய கல்லைக் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுங்கள். எஃகைப் போல நீண்டு ஒலிக்காது, கிராஃபைட் அதிர்வை விழுங்கிவிடும் (லேத் இயந்திரத்தின் படுக்கையை நாங்கள் வார்ப்பிரும்பில் வார்ப்பதே அதற்காகத்தான்). ஆனாலும் நல்ல கல்லில் சிறு கணீர் இருக்கும், விரிசல் விழுந்த கல் பானை ஓடுபோல மொத்தென்று பேசும். ஐயமாக இருந்தால் பவுண்டரியில் நாங்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. பிசுபிசுத்த பழைய எண்ணெயை எப்படியும் நீக்கத்தான் வேண்டும். விறகுச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தால், சாம்பலின் காரம் அதைக் கரைத்து எடுத்துவிடும். (அதே காரணத்துக்காக, பழகிய கல்லைச் சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள்.) வெறும் இரும்பு தெரியும் நிலையில் மண்ணெண்ணெயை இலேசாகத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி வையுங்கள். நெருப்புப் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் வெளியே ஊறி, வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். கோடு எதுவும் இல்லையென்றால் சோப்பு போட்டுக் கழுவி, திறந்தவெளியில் நன்றாகக் காய்ச்சி மணம் போனபின் நல்லெண்ணெயில் மறுபடி பழக்கலாம். கோடு தெரிந்தால், அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அந்தக் கல்லை அடுப்பில் ஏற்றாதீர்கள். நிக்கல் கம்பியால் வெல்டிங் செய்து ஒட்டித் தருகிறேன் என்று பட்டறையில் சொல்வார்கள், ஒட்டவும் முடியும். ஆனால் ஒட்டிய உலோகமும் பழைய இரும்பும் வெவ்வேறு அளவில் விரிவதால் நெருப்பில் அது எத்தனை நாள் நிற்கும் என்று நான் பொறுப்பேற்க மாட்டேன். பாட்டியின் கல்லைச் சுவரில் மாட்டிவிட்டு, அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கித் தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.